ஒரே ஆறு என்று அறிந்த வரலாறு

தமிழகத்தை விட்டு வந்து கொல்கத்தாவிலும் குவாஹாட்டியிலும் தில்லியிலும் மும்பையிலும் குடியமர்ந்திருக்கும் நம்மவர் இல்லங்களில், தேர்வுக் காலம் நெருங்கும்போது ஒரு குரல் தவறாமல் கேட்கும். சிந்துவின் துணையாறுகள் ஐந்து, அவை ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்று பிள்ளை ஒப்பிக்கும் குரல் அது. அடுத்துக் கங்கை, அதற்கு அடுத்துப் பிரம்மபுத்திரா, பின்னர்த் தக்கணத்து ஆறுகள். கிழக்கே பாய்பவை இவை, மேற்கே பாய்பவை இவை என்று வரிசை முடிந்ததும் புத்தகம் மூடப்படும். தந்தையாரும் மனநிறைவுடன் செய்தித்தாளுக்குத் திரும்புவார். அவரும் தம் இளமையில் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இதே வரிசையை ஒப்பித்தவரே.

ஒப்பித்தலை நாம் இகழ்பவர் அல்லோம். பெயரே தெரியாத ஒன்றைப் பற்றிச் சிந்திப்பது எங்ஙனம்? ஆயினும் அந்தப் பிள்ளையை அழைத்து, 'இந்த ஆறும் அந்த ஆறும் ஒன்றுதான் என்று எவ்வாறு தெரிந்தது? யார் போய்ப் பார்த்தார்?' என்று கேட்டால் விடை வாராது. தேசப்படத்தில் ஊற்று முதல் கடல் வரை நீலக்கோடு அறுபடாமல் இழுக்கப்பட்டிருக்கிறது. படம் அச்சான நாளிலேயே அந்தக் கோடும் இருந்தது போலப் பிள்ளை எண்ணுகிறது. பெரியவர்களாகிய நாமும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணுகிறோம்.

ஆற்றுத் தொகுதி என்னும் கருத்தைச் சிறுவர்க்குச் சொல்லுவதில் நம்மவர்க்கு மட்டும் உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு ஆறு என்றால் பிரிவது என்று பொருள். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கொள்ளிடமும் வேறுபடும். அப்பால் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என மேன்மேலும் பிரிந்து, கடைமடையில் முழங்கால் அளவு வாய்க்காலாக முடியும். மேலே என்ன நிகழ்கிறது என்பது அவர்க்கு ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்றா? 1934-இல் கட்டி முடிந்த அந்த அணைக்கு அப்பால் ஹேமாவதியும் கபினியும் வந்து சேருவது மனக்கண்ணுக்கு எட்டுவதில்லை. அவர் மகளோ அஸ்ஸாமில் வளருகிறாள். அவள் காணும் ஆறு சேருவது. வடக்கிலிருந்து சுபன்சிரி, ஜியா பராலி, மானஸ்; தெற்கிலிருந்து புர்ஹி திஹிங், தன்சிரி, கோபிலி. ஒவ்வொன்றும் வந்து விழுந்துகொண்டே இருக்க, கரைக்குக் கரை கண்ணுக்குத் தெரியாத அகலத்தில் ஆறு செல்லுகிறது. தந்தை 'ஆறு' என்று சொல்லும்போது கிளைவிடும் மரத்தையும், மகள் 'ஆறு' என்று சொல்லும்போது வேர்கள் கூடும் மரத்தையும் நினைக்கின்றனர். இருவர் நினைப்பும் ஒரே மரத்தின் இரு பாதிகள். இரண்டையும் சேர்த்துக் காட்டுவதே ஆற்றுத் தொகுதிப் பாடம்.

அதைக் காட்டுவதற்குப் பிரம்மபுத்திராவைவிட ஏற்ற ஆறு நம் நாட்டில் வேறு இல்லை என்பது நம் கருத்து. காரணம், அதன் பெருமையன்று. அது ஒரே ஆறுதான் என்பதை மெய்ப்பிக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். மானசரோவருக்குத் தென்கிழக்கே பனிப்பாறைகளில் தோன்றித் திபெத்தின் குறுக்கே கிழக்கு நோக்கிச் செல்லும்போது அதற்கு யார்லுங் சாங்போ என்று பெயர். நம்சா பர்வா என்னும் 7,782 மீட்டர் உயரச் சிகரத்தைச் சுற்றி வளைந்து, தெற்கே திரும்பி, அருணாசலப் பிரதேசத்தில் நுழையும்போது சியாங். பழைய படங்களில் அதுவே திஹாங். திபாங், லோஹித் என்னும் இரண்டுடன் கூடிய பின்பே பிரம்மபுத்திரா. அஸ்ஸாமியர் அன்புடன் லுயித் என்பர். வங்காள தேசத்தில் ஜமுனா. கங்கையுடன் கலந்தபின் பத்மா. கடலை நெருங்கும்போது மேக்னா. இந்த ஜமுனாவைத் தில்லி யமுனையென்று மயங்கும் பிள்ளைகள் பலர். மயங்குவதில் வியப்பும் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்போன்றோர்க்கு இப்பெயர்கள் தீராத தொல்லை. சாங்போ என்பதே திபெத்திய மொழியில் ஆற்றைக் குறிக்கும் சொல். 'சாங்போ ஆறு' என்று நாம் எழுதும் இடமெல்லாம் 'ஆற்று ஆறு' என்றே எழுதியவராகிறோம். வடமொழி மரபு இதனை ஆணாகக் கொண்டு நதம் என்னும்; கங்கையும் யமுனையும் காவிரியும் பெண்கள். நம் தமிழ் நாவோ அனைத்தையும் பெண்ணாக்கிப் 'பிரம்மபுத்திரை' என்றுவிடும். இது நிற்க.

கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தை ஆளத் தொடங்கிய காலத்தில், ஐரோப்பிய நிலநூலார்க்கு இந்த ஆற்றைப் பற்றி ஒன்றும் தெளிவாகத் தெரியாது. 1764-இல் ஜேம்ஸ் ரென்னல் என்னும் இளைஞர் வங்காளத்து ஆறுகளை அளக்க அமர்த்தப்பெற்றார். மூன்றாண்டுகளில் அவரே வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். இடையே 1766-இல் பூட்டான் எல்லையருகே பக்கிரிகள் கூட்டம் ஒன்று வாளால் தாக்க, உயிர் பிழைத்ததே அரிது. 1765-இல் அவர் படகேறி அஸ்ஸாம் எல்லை வரையில் சென்று கண்டது, கங்கையைவிடப் பெரியதோர் ஆறு! எல்லைக்கு அப்பால் ஆஹோம் மன்னர்களின் நாடு. உள்ளே செல்ல இடமில்லை. ஆயினும் ஆற்றின் பருமனையும் அது வரும் திசையையும் கொண்டு, திபெத்தின் சாங்போவே இவ்வாறு வருகிறது என்று ரென்னல் உய்த்துணர்ந்தார். 1781-இல் இலண்டன் அரசவைக் கழகத்தார் முன் கங்கையையும் பிரம்மபுத்திராவையும் பற்றிய அவருடைய கட்டுரை படிக்கப்பெற்றது.

ரென்னலின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் மற்றொரு பயனும் உண்டு. அந்தப் படத்தில் பிரம்மபுத்திரா மதுபூர் மேட்டுநிலத்துக்குக் கிழக்கே, மைமன்சிங் வழியாகச் செல்லுகிறது. இன்றைய படத்தில் அவ்விடத்தில் மெலிந்த ஓடை ஒன்றே உண்டு. அதற்குப் பழைய பிரம்மபுத்திரா என்று பெயர். பேராறு மேற்கே வெகுதொலைவு நகர்ந்துவிட்டது. 1787-இல் வந்த பெருவெள்ளத்தில் தீஸ்தா ஆறு, கங்கைப் பக்கம் சென்றுகொண்டிருந்த தன் வழியை விட்டுப் பிரம்மபுத்திராவில் வந்து விழுந்தது. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் பேராறும் ஜமுனா வழியைப் பிடித்தது. ரென்னல் தவறாக வரையவில்லை. அவர் வரைந்த பின்னர் ஆறு மாறிற்று. இரு படங்களையும் பக்கத்தில் வைத்து, 'எது சரி?' என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பார்த்தால், அன்றைய பாடம் மணி அடித்த பிறகும் முடியாது.

ரென்னலின் ஊகத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பிரெஞ்சு நிலநூலார் டான்வில், சாங்போவை பர்மாவின் ஐராவதியோடு இணைத்திருந்தார். பின்வந்த கிளாப்ரோத் என்னும் அறிஞரும் சீன நூல்களை ஆதாரமாகக் கொண்டு ஐராவதிக் கட்சியையே வலியுறுத்தினார். இருவரும் ஐரோப்பாவிலிருந்து படங்களைப் பார்த்து முடிவு செய்தவர்கள். 1826-இல் யாந்தாபோ உடன்படிக்கையால் அஸ்ஸாம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதையொட்டி வில்காக்ஸ் என்னும் படை அலுவலர் 1825 முதல் 1828 வரை அப்பகுதியில் அலைந்து, சாதியாவுக்கு அருகே கூடும் ஆறுகளின் நீரை அளந்தார். ஆற்றின் அகலத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கினால் ஒரு விநாடிக்குச் செல்லும் நீரின் அளவு கிடைக்கும். வேகத்தை அறிய, மிதக்கும் பொருள் ஒன்றை விட்டு, குறித்த தொலைவை அது எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ணினால் போதும். பத்து வயதுப் பிள்ளையும் தெருவோர வாய்க்காலில் ஒரு மரச்சில்லைக் கொண்டு செய்து பார்க்கத்தக்க கணக்கு இது. அளந்தபோது திஹாங்கே மற்றவற்றினும் பெரிது என்று தெரிந்தது. இவ்வளவு நீர் இமயத்தின் தென்சரிவு ஒன்றிலிருந்து மட்டும் வரக்கூடுமோ? வராது, அப்பால் திபெத்திலிருந்தே வந்திருக்க வேண்டும் என்றார் வில்காக்ஸ். இதுவும் ஊகமே. நடுவிலிருந்த மலைப்பகுதியை அளந்தவர் ஒருவரும் இல்லை.

இங்கே நம் மாநிலத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்லிச் செல்லுவோம். இமயம் வரையில் சென்ற மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது சென்னைப் பறங்கிமலையருகே. 1802-இல் லாம்டன் அங்கு முதல் அடிக்கோட்டை அளந்தார். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கே சென்று, சில பத்தாண்டுகளில் அது இமயத்தின் அடியை எட்டிற்று. அங்கே நின்றுவிட்டது. திபெத்தில் வெள்ளையர்க்கு நுழைவு இல்லை. கருவிகளைத் தோளில் சுமந்து செல்லும் அளவையாளர்க்குத் துளியும் இல்லை.

ஆதலின் 1863 முதல் வேறொரு வழி கண்டனர். மலைவாழ் இந்தியரைத் தேர்ந்து, டேராடூனில் பயிற்றுவித்து, வணிகர் வேடத்திலும் யாத்திரிகர் வேடத்திலும் அனுப்பினர். அவர்களுள் முதல்வர் நைன் சிங் ராவத். குமாவூன் மலையில் மிலாம் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஆசிரியர் என்பதாலேயே அவரைப் 'பண்டிட்' என்றனர். அச்சொல்லே பின்னர் இத்தகைய அளவையாளர் அனைவர்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. ஒரு மைலுக்கு 2,000 அடிகள் வருமாறு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே அளவாகக் காலெடுத்து வைக்க அவர்க்குப் பயிற்சி அளிக்கப்பெற்றது. கையில் செபமாலை. முறைப்படி 108 மணிகள் இருக்கவேண்டிய மாலையில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்படும். பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரத் தாளுக்குப் பதிலாகக் கணக்குத் தாள். சோழிகளுக்குள் பாதரசம். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைப் பார்த்து மலையின் உயரத்தைக் கணித்தார்.

1865-இல் காட்மாண்டு வழியாகப் புறப்பட்டு, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்து, திரும்பும் வழியில் சாங்போவை ஒட்டியே மானசரோவர் வரையில் நடந்தார். ஏறத்தாழ 1,200 மைல். அடிகளாகக் கணக்கிட்டால் 24 இலட்சம். அவ்வாற்றின் மேற்பாதிக்கு முதன்முறையாக அளந்த கோடு கிடைத்தது அந்தப் பள்ளி ஆசிரியரின் கால்களால். 1877-இல் இலண்டன் நிலநூற் கழகத்தார் அவர்க்குப் பொற்பதக்கம் அளித்தனர். நம் அஞ்சல் துறை 2004-இல் அவர் நினைவாகத் தலை வெளியிட்டது. ஆறுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் தொழிலுக்குரிய முன்னோர் ஒருவராக இவரை வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். நாம் அறிந்த வகுப்புகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

மேற்பாதி தெரிந்தது, கீழ்ப்பாதியும் தெரியும். நடுவில் இருந்ததோ பெரும்புதிர். திபெத்தில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் மலைகளுக்குள் மறையும் ஆறு, அஸ்ஸாம் சமவெளியின் விளிம்பில் 150 மீட்டர் உயரத்தில் வெளிப்பட வேண்டும். இடையே உலகில் எங்கும் இல்லாத பேரருவி இருக்கலாம் என்று அக்காலத்தார் கனவு கண்டனர். 1878-இல் நேம் சிங் என்பவர் சாங்போ வழியே கியாலா என்னும் இடம் வரையில் சென்று திரும்பினார். அவருடன் உதவியாளாகச் சென்றவர் கிந்துப். சிக்கிமைச் சேர்ந்தவர்; டார்ஜிலிங்கில் தையல் தொழில் செய்தவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர்.

ஹார்மன் என்னும் அளவைத்துறை அலுவலர் எளிய சூழ்ச்சி ஒன்றை வகுத்தார். திபெத்தில் அடையாளம் இட்ட கட்டைகளைச் சாங்போவில் எறிவது; அஸ்ஸாமில் ஆட்களை நிறுத்தி அவை வருகின்றனவா என்று பார்ப்பது. வந்தால் இரண்டும் ஒரே ஆறு. 1880-இல் ஒரு லாமாவையும் அவர்க்குத் துணையாகக் கிந்துப்பையும் அனுப்பினார். லாமா வழியில் பல மாதங்களைக் கேளிக்கையில் கழித்தார். 1881-இல் தோங்கியுக் என்னும் இடத்தில் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுத் தம் ஊருக்குப் போய்விட்டார்.

மறு ஆண்டு கிந்துப் தப்பினார். தப்பியவர் டார்ஜிலிங் திரும்பியிருக்கலாம். குறை சொல்லுவார் யாரும் இல்லை. அவரோ ஆற்றை ஒட்டிக் கீழ்நோக்கி நடந்தார். தேடி வந்தவர்கள் மார்பூங் என்னும் மடத்தருகே அவரைப் பிடிக்க, மடத்துத் தலைவர் 50 ரூபாய் கொடுத்துத் தாமே அவரை வாங்கிக்கொண்டார். மடத்தில் வேலை செய்துகொண்டே, யாத்திரை என்று விடுப்புப் பெற்றுக் காட்டுக்குள் சென்று, ஓரடி நீளமுள்ள 500 கட்டைகளை வெட்டி ஒரு குகையில் ஒளித்து வைத்தார். கட்டைகள் இருந்து என்ன பயன்? எந்த நாளில் எறியப்போகிறார் என்பது கீழே காத்திருப்போர்க்குத் தெரியவேண்டுமே! ஆகவே மற்றொரு யாத்திரை விடுப்புப் பெற்று லாசா வரையில் சென்றார். அங்கே சிக்கிமைச் சேர்ந்த ஒருவரைக் கண்டு, டார்ஜிலிங்கில் இருந்த நேம் சிங்குக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். லாமா தம்மை விற்றதையும், இன்ன மாதத்தில் நாளொன்றுக்கு 50 கட்டையாகப் பத்து நாள் எறியப்போவதையும் அதில் சொல்லச் செய்தார். மீண்டும் மடத்துக்கே திரும்பி அடிமைப்பணியைத் தொடர்ந்தார். அவருடைய பக்தியை மெச்சிய தலைவர் இறுதியில் விடுதலை அளித்தார். 1883-ஆம் ஆண்டின் இறுதியில், குறித்த நாட்களில், குறித்தபடி 500 கட்டைகளையும் கிந்துப் ஆற்றில் விட்டார்.

அஸ்ஸாமில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. கடிதம் உரிய காலத்தில் உரியவரிடம் சேரவில்லை. ஹார்மனும் இந்தியாவை விட்டே நீங்கியிருந்தார். கட்டைகள் ஐந்நூறும் சியாங் வழியே, அஸ்ஸாம் வழியே, வங்காளம் வழியே கடலுக்குச் சென்றிருக்க வேண்டும்.

1884-இன் இறுதியில் கிந்துப் ஊர் திரும்பித் தாம் கண்டதை எல்லாம் நினைவிலிருந்து சொன்னார். லாமா ஒருவர் அதைக் கேட்டு எழுத, மற்றொருவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் நான்காண்டுக் கதையை நினைவில் வைத்துச் சொன்னால் நம்புவது எங்ஙனம் என்று ஐயுற்றவர் பலர். அந்த ஐயத்துக்கு ஒரு காரணம் பெமகோசுங் அருகே 150 அடி உயர அருவி ஒன்று இருப்பதாக அறிக்கையில் வந்த செய்தி. 1913-இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இரு அலுவலர் தெற்கிலிருந்து மலையேறி அவ்விடத்துக்குச் சென்று பார்த்தனர். சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றே என்பது அப்பயணத்தால் உறுதியாயிற்று. கிந்துப் சொன்ன ஊர்களும் வழிகளும் சொன்னபடியே இருந்தன. அருவியின் உயரமோ முப்பது அடி அளவுதான். பின்னர்க் கிந்துப்பையே கேட்டபோது, 150 அடி என்று தாம் சொன்னது வேறோர் இடத்தில் விழும் சிற்றோடையை என்றார். எழுதியவரோ பெயர்த்தவரோ இரண்டையும் கலந்துவிட்டனர். பழி மட்டும் சொன்னவர் தலையில் முப்பது ஆண்டுகள் தங்கியிருந்தது. நம் தொழிலில் உள்ளோர் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

1914-இல் கிந்துப்பைத் தேடிக் கண்டு சிம்லாவுக்கு வரவழைத்தனர். ஓய்வூதியம் அளிக்கப் பெய்லி பரிந்துரைத்தார். அரசாங்கம் 1,000 ரூபாய் கொடுத்து அனுப்பிற்று. அதன்பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த சிறு இடைவெளியைப் பின்வந்தோர் சிறிது சிறிதாகக் கண்டனர். மறைந்து கிடந்த அருவி ஒன்றையும் 1998-இல் அளந்தனர். ஏறத்தாழ நூறு அடி உயரம்.

இவ்வளவையும் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று கேட்பார் உண்டு. மதிப்பெண்ணுக்கு உதவாது என்பது மெய்யே. எனினும் 2000-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு ஏப்ரல் 9-இல், கிந்துப் விற்கப்பட்ட இடத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத யிகோங் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஒன்று விழுந்து ஆற்றை அடைத்தது. அந்த ஆற்றின் நீர் பெருவளைவுப் பகுதியில் சாங்போவைச் சேருவது. இரண்டு மாதம் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. ஜூன் 10-இல் அடைப்பு உடைந்தது. அருணாசலத்தில் சியாங் கரையில் இருந்தவர்கள் மழையில்லாத வெள்ளத்தைக் கண்டனர். பாலங்கள் போயின, உயிர்களும் போயின. மேலே அறுபது நாட்கள் தேங்கிய நீரைப் பற்றிக் கீழே இருந்தவர்க்குத் தக்க எச்சரிக்கை கிடைக்கவில்லை. கட்டைகளின் கதை நினைவுக்கு வராமல் போகுமா?

2002-இல் வெள்ளப் பருவத்து நீரளவுச் செய்திகளை இந்தியாவுக்கு அளிக்கச் சீனா உடன்பட்டது. 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில், எல்லைப் பூசலின்போது, அச்செய்தி வரவில்லை. 2025 ஜூலையில் பெருவளைவுப் பகுதியில் மிகப்பெரும் நீர்மின் திட்டம் ஒன்றின் பணி தொடங்கிவிட்டதாகச் சீன அரசு அறிவித்தது. இனி நம் பிள்ளைகள் செய்தித்தாளில் சாங்போ என்னும் பெயரைப் பலமுறை காண்பர். அது தங்கள் ஊரின் அருகே ஓடும் ஆறே என்று அவர்களுக்குத் தெரிந்திருத்தல் நலம். தெரியாவிடில் எளிதாக அஞ்சுவர், அல்லது எளிதாக அலட்சியம் செய்வர். ஆற்றின் நீரில் எவ்வளவு திபெத்திலிருந்து வருகிறது, எவ்வளவு அருணாசலத்து மழையாலும் அஸ்ஸாமின் துணையாறுகளாலும் சேருகிறது என்று கேட்கக் கற்ற பிள்ளை, இரண்டையும் தவிர்த்து நிதானமாகப் படிக்கும்.

இதைத் தொடங்க நாட்டுப்படமும் வேண்டியதில்லை. ஊரில் உள்ள பாட்டனார் வீட்டு ஓட்டுக்கூரையைப் பிள்ளைகள் விடுமுறையில் கண்டிருப்பர். மழை முகட்டில் விழும். ஒரு பாதி தெருப்பக்கமும் மறுபாதி கொல்லைப்பக்கமும் இறங்கும். முகடு எதுவோ அதுவே நீர்பிரி மேடு. பெங்களூரில் வாழும் நம்மவர் அத்தகைய முகட்டின் மேலேயே குடியிருக்கின்றனர். நகரின் மேற்குப் பகுதியில் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குச் செல்லும். கிழக்குப் பகுதியின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து கடலூரில் கடலைச் சேரும். எந்தத் தெருவில் எந்தப் பக்கம் சாக்கடை ஓடுகிறது என்று பார்த்து வரச் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை உண்டு. தில்லிப் பிள்ளைகள் கழிவுநீர்க் கால்வாய் என்று மூக்கைப் பொத்தும் நஜஃப்கர் கால்வாய், சாஹிபி ஆறு யமுனையைச் சேர்ந்த வழி. மும்பையில் தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தை அடையும் மித்தி ஓர் ஆறு என்பதை அந்நகரத்தார் பலர் உணர்ந்தது 2005 ஜூலை 26-இல், ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது.

தெருவில் தொடங்கியவர்கள் பின்னர்த் தேசப்படத்துக்கு வரலாம். படத்தை விரித்துப் பிரம்மபுத்திராவின் கோட்டைக் கடலிலிருந்து மேல்நோக்கி விரலால் தொடர்ந்து செல்லச் சொல்லுங்கள். மேக்னா, பத்மா, ஜமுனா, லுயித், சியாங், சாங்போ என்று ஒவ்வோர் எல்லையிலும் மாறும் பெயரை அவர்களே எழுதட்டும். விரல் பெருவளைவில் திரும்பும் இடத்தருகே மார்பூங் என்னும் ஊர் பள்ளித் தேசப்படங்களில் அச்சாகியிராது. பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கிந்துப், 1883 என்று குறித்துக்கொள்ளலாம்.